சித்திரை விடுமுறையும் கோடை வானிலையும்



சித்திரை மாதம் பிறந்துவிட்டால் ஊர்தோறும் திருவிழாதான். தேரோட்டம், சித்திரா பௌர்ணமி, மே தின விடுமுறை என்று அடுத்தடுத்து வருகின்றன. வெளியூர் உறவினர் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் குடும்பத்துடன் சென்று இரண்டு மூன்று நாட்கள் தங்கி வருவது நம் வழக்கம். ஆனால் ஆண்டிலேயே வெயில் கடுமையாக ஏறும் காலமும், கோடை இடிமழை திடீரென்று வரும் காலமும் இதுவேயாகும். ஆகவே வயலை விட்டுப் புறப்படுமுன் வானிலை முன்னறிவிப்பைக் கேட்பது அவசியம். கேட்டதைச் சரியாகப் புரிந்துகொள்வது அதைவிட அவசியம்.

வெண்டை பயிரிட்டிருந்த ஓர் உழவர் ஒருமுறை என்னிடம் வருத்தத்துடன் சொன்னார்: "மழை வரும் என்று வானொலியில் சொன்னார்கள். நம்பித் தண்ணீர் கட்டாமல் திருவிழாவுக்குப் போனேன். பக்கத்து ஊரில் பெய்தது; என் வயலில் ஒரு துளிகூட இல்லை. நான்காம் நாள் திரும்பி வந்து பார்த்தால் பூவும் பிஞ்சும் கொட்டிக் கிடந்தன." அறிவிப்பு பொய் என்பது அவர் முடிவு. உண்மையில் அறிவிப்பு பொய்க்கவில்லை. "ஓரிரு இடங்களில்" என்ற இரண்டு சொற்களை அவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெயில் ஏன் ஏறுகிறது?

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரிக்கு நேர் மேலே நிற்கும் சூரியன், அம்மாதத்தின் நான்காம் வாரத்தில் சென்னைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. இதனால் நிலம் நாளுக்கு நாள் சூடேறுகிறது. மே மாதத் தொடக்கத்தில் நாம் அக்கினி நட்சத்திரம் என்று கூறும் நாட்கள் தொடங்குகின்றன. கடற்கரை மாவட்டங்களில் நண்பகலில் கடற்காற்று வீசினால் வெப்பம் சற்றுத் தணியும். மேற்கிலிருந்து வரும் வறண்ட தரைக்காற்று கடற்காற்றைத் தடுக்கும் நாட்களில் அங்கும் வெயில் சுட்டெரிக்கும்.

சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று ஈரத்துடன் மேலே எழும்பும்போது இடிமேகங்கள் திரள்கின்றன. இவை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் உருவாகின்றன. ஒரு மேகம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். ஆகவேதான் ஓர் ஊரில் கொட்டித் தீர்க்கும் மழை அடுத்த ஊரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அறிவிப்பின் சொற்களுக்கு அளவு உண்டு

வானிலைத் துறையினர் பயன்படுத்தும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் திட்டமான பொருள் உண்டு. ஒரு பகுதியில் 100 மழைமானி நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம்.

ஓரிரு இடங்களில் மழை என்றால் 25 நிலையங்கள் வரை மட்டுமே மழை பதிவாகும்.

ஒரு சில இடங்களில் என்றால் 26 முதல் 50 நிலையங்கள்.

பல இடங்களில் என்றால் 51 முதல் 75 நிலையங்கள்.

பெரும்பாலான இடங்களில் என்றால் 75க்கும் மேற்பட்ட நிலையங்கள்.

"ஓரிரு இடங்களில்" என்ற அறிவிப்பைக் கேட்டால், நான்கு ஊர்களில் மூன்று ஊர்களுக்காவது மழை இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கோடையில் பெரும்பாலும் வருவது இந்த அறிவிப்புதான். இதை நம்பிப் பாசனத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

பெய்யும் மழையின் அளவையும் பார்க்க வேண்டும். 15 மி.மீ. வரை பெய்வது லேசான மழை. ஏறத்தாழ 16 முதல் 64 மி.மீ. வரை மிதமான மழை. அதற்கு மேல் கனமழை. உள் மாவட்டங்களில் கோடை நாளொன்றுக்குச் சுமார் 6 முதல் 8 மி.மீ. நீர் ஆவியாகிறது. நன்கு தழைத்த பயிர் ஏறக்குறைய அந்த அளவு நீரையே செலவிடும். ஐந்து நாட்களில் 35 மி.மீ. நீர் போய்விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. மழை ஒன்றரை நாள் தேவைக்குத்தான் போதும். மண்ணில் அது ஒரு சாண் ஆழத்தைக்கூட எட்டாது.

உங்கள் வயலில் பெய்த மழையை நீங்களே அளக்கலாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள தகர டப்பாவை மரநிழல் படாத திறந்த இடத்தில் வையுங்கள். மழை நின்றதும் அதில் நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் பாருங்கள். எத்தனை மி.மீ. உயரமோ அத்தனை மி.மீ. மழை. ஓர் ஏக்கரில் 1 மி.மீ. என்பது சுமார் 4,000 லிட்டர் நீராகும்.

வெப்ப அறிவிப்பு

அறிவிக்கப்படும் வெப்பநிலை நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் அளக்கப்படுவது. வெட்டவெளியில் வேலை செய்பவர் உணரும் வெப்பம் இதைவிட அதிகம். சமவெளியில் 40 டிகிரி செல்சியசும் கடற்கரையில் 37 டிகிரியும் எட்டி, அது இயல்பைவிட 4.5 டிகிரிக்குக் குறையாமல் கூடியிருந்தால் வெப்ப அலை எனப்படும்.

பயிர் அந்த அளவுவரை காத்திருப்பதில்லை. நெல் பூக்கும் வேளையில் 35 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் பதர் கூடும். தக்காளியில் பூக்கள் உதிரும். ஆகவே பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் உள்ள பயிருக்கு நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்திருங்கள் என்றும், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள் என்றும், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள் என்றும் பொருள்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் வேளாண் வானிலை அறிக்கை வெளியிடப்படுகிறது. அடுத்த ஐந்து நாட்களுக்கான வானிலை இதில் உண்டு. கைப்பேசியில் மேகதூத் செயலியிலும் இதைக் காணலாம். முதல் இரண்டு நாட்களுக்கான அறிவிப்பே அதிக நம்பகமானது. ஆகவே புறப்படும் நாள் காலையில் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

2. புறப்படுவதற்கு முந்தைய மாலையில் பாசனம் செய்யுங்கள். காய்கறிச் செடிகளின் தூரைச் சுற்றி வைக்கோல் அல்லது சருகால் மூடாக்கு இட்டால் ஈரம் கூடுதல் நாட்கள் நிற்கும்.

3. குலை தள்ளிய வாழைக்கு முதலில் முட்டுக் கொடுங்கள். இடிமழைக்கு முன் வீசும் சூறைக்காற்றில் ஓராண்டு உழைப்பு கால்மணி நேரத்தில் சாய்ந்துவிடும்.

4. களத்தில் காயும் எள், உளுந்து, மிளகாய், நெல் ஆகியவற்றைக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். காலையில் வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

5. கால்நடைகளை நிழலில் கட்டி, நாள் முழுவதும் குடிநீர் கிடைக்குமாறு ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். தனித்து நிற்கும் மரத்தடியில் கட்ட வேண்டாம். இடி விழுந்தால் மாடும் போய்விடும்.

உயிர் பெரிது

ஊரில் தங்கி வேலை பார்ப்பவர்கள் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வயலில் இறங்க வேண்டாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீரோ, உப்பிட்ட மோரோ அருந்துங்கள். உடல் கொதித்து, பேச்சுக் குழறி, மயக்கம் வந்தால் அவரை நிழலுக்குக் கொண்டுசென்று உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். உடனே 108க்கு அழையுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுமுன் இடி கேட்டால் ஆபத்து அருகில் உள்ளது. மண்வெட்டியை வைத்துவிட்டு உறுதியான கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள். மரத்தடி, கம்பிவேலி, பம்புசெட்டு ஆகியவற்றின் அருகில் நிற்க வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வயலுக்குத் திரும்புங்கள்.

மாத இதழில் அச்சிடும் கட்டுரை குறிப்பிட்ட ஒரு நாளின் மழையைச் சொல்ல இயலாது. அதை அன்றன்றைய அறிவிப்புதான் சொல்லும். "மழை வருமா?" என்று மட்டும் கேளாமல், "எத்தனை இடங்களில், எவ்வளவு, எப்போது?" என்று கேட்டுப் பழகுங்கள். அந்த வெண்டை விவசாயி இப்போது அப்படித்தான் கேட்கிறார். மறு ஆண்டு தண்ணீர் கட்டிவிட்டுத்தான் திருவிழாவுக்குப் புறப்பட்டார்.