பார்சலில் இருப்பது யாதாயினும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, நாக்பூர் அஜனி ரயில்வே குடியிருப்பில் நமக்கு அடுத்த வீட்டில் மகனோடு வசித்துவரும் பெரியவர் ஒருவர் நமது வாசற்படியில் வந்து அமர்ந்தார். வழக்கம்போல் ஊர்ச் செய்தி பேசாமல் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "தம்பி, ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதே. நீ நாத்திகனாகிவிட்டாயாமே, மெய்யா?" என்றார்.

அன்று கிருத்திகை. கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தோம். நெற்றியில் நீறுகூட அழியவில்லை. ஆயினும் பெரியவரைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டு மாத காலமாக, அலுவல் முடிந்து வந்ததும் காதில் கருவியைச் செருகிக்கொண்டு, யாரோ படிக்கும் ஆங்கில நூல் ஒன்றை நாம் கேட்டுக்கொண்டிருப்பதை அவர் கவனித்திருக்கிறார். அந்நூலை எழுதியவர் தெய்வ நிந்தனைக் குற்றத்திற்காகச் சிறை சென்றவர் என்பதை அவருடைய பேரன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான். பிறகென்ன? குழாயடி வரையில் செய்தி போய்விட்டது.

"அப்படியொன்றும் இல்லை, மாமா. பார்சல் சரிபார்க்கிறேன், அவ்வளவுதான்" என்றோம்.

இவ்விடை அவருக்கு விளங்கவில்லை. நமது சங்கத்து அன்பர்களில் வேறு சிலருக்கும் இதே ஐயம் உண்டென்று பிற்பாடு தெரியவந்தபடியால், சற்று விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் ஹ்யூ மெக்குவயர் என்பவர் 2005-ஆம் ஆண்டில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். லிப்ரிவாக்ஸ் என்பது அதன் பெயர். ஆசிரியருக்குரிய உரிமைக்காலம் கழிந்து எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட நூல்களை, தொண்டர்கள் தத்தம் இல்லத்திலிருந்தே வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்து உலகத்தார்க்கு இலவசமாக வழங்குவது இதன் நோக்கம். முதன் முதலாக ஜோசப் கான்ராட் எழுதிய நாவல் ஒன்று பதிவாயிற்று. இன்று பல மொழிகளிலும் சேர்த்துப் பல்லாயிரம் நூல்கள் உள்ளன. படிப்பவருக்கும் ஊதியமில்லை, கேட்பவருக்கும் கட்டணமில்லை. பதிவு செய்த குரலின் மீதும் எவரும் உரிமை கொண்டாடுவதில்லை. அதுவும் பொதுச் சொத்தாகிவிடுகிறது.

இவ்வேலையில் மூவகைத் தொண்டர் உண்டு. அத்தியாயங்களைப் பங்கிட்டுக் கொடுத்து நூல் முழுவதும் ஒப்பேறும்வரை பொறுப்பேற்பவர் ஒருவர். படிப்பவர் ஒருவரோ பலரோ. பின்னர், அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்ப்பது போல, பதிவை மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்பவர் ஒருவர். நாம் ஏற்றுக்கொண்டது இந்த மூன்றாவது வேலை. மூலத்தை முன்னே வைத்துக்கொண்டு கேட்கவேண்டும். ஒரு வாக்கியம் இருமுறை படிக்கப்பட்டிருந்தாலும், ஒரு வரி விட்டுப்போயிருந்தாலும், நாய் குரைத்திருந்தாலும், இத்தனையாவது நிமிடம் இத்தனையாவது விநாடி என்று குறித்து அனுப்பவேண்டும். ஒலி 89 டெசிபல் அளவில் இருக்கவேண்டும்; முடிவில் ஐந்து விநாடி மௌனம் இருக்கவேண்டும். பொருளைக் கெடுக்காத சிறு தடுமாற்றங்களைப் பாராட்டவேண்டியதில்லை என்பது வழக்கமான விதி. ஆனால் விலக்கமுடியாத கட்டளை ஒன்று உண்டு. படிப்பவர் தம் சொந்த அபிப்பிராயம் எதையும் இடையில் நுழைக்கலாகாது. பிடிக்காத பகுதியை விழுங்கவும் கூடாது. ஆசிரியர் எழுதியது எதுவோ அதுவே கேட்பவர் காதுக்குச் சேரவேண்டும்.

பார்சல் ஆபீசில் பன்னிரண்டு ஆண்டுகளாக நாம் செய்துவருவதும் வேறென்ன? மூட்டையை எடைபோட்டுச் சீட்டு ஒட்டுகிறோம். எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையொப்பமிடுகிறோம். உள்ளே இருப்பது பூஜைச் சாமானா, தர்காவுக்குரிய போர்வையா, தேவாலயத்து மெழுகுவர்த்தியா என்பதை வைத்து எடை மாறுவதில்லை.

இனி, பெரியவரின் உறக்கத்தைக் கெடுத்த நூலாசிரியரைப் பற்றி. ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் 1817-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர். எளிய தொழிலாளர் குடும்பம். தாமும் இளமையில் இரும்பு வார்ப்புச் சாலையில் உழைத்து, மாலை வேளையில் தொழிலாளருக்கென ஏற்பட்டிருந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் பாடம் படித்து முன்னேறியவர். (நமது ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் இன்று கேரம் பலகை ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அது வேறு கதை.) 1842-இல், பிரிஸ்டல் சிறையிலிருந்த நண்பர் ஒருவரைக் காண நடந்தே சென்றவர், வழியில் செல்டனாம் என்னுமூரில் ஒரு சொற்பொழிவாற்றினார். உழைப்பாளருக்காக அமையவிருக்கும் புதிய குடியிருப்புகளில் கடவுளுக்கு என்ன இடம் என்று கூட்டத்தில் ஒருவர் வினவினார். மக்கள் வறுமையில் வாடுவதால், நிலைமை சீராகும்வரை கடவுளையும் பட்டாளத்து அதிகாரிகளைப் போல் அரைச் சம்பளத்தில் வைக்கலாம் என்ற பொருள்பட ஹோலியோக் விடையிறுத்தார். அரைச் சம்பள விடுப்பு இன்னதென்று அறிந்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். நீதிமன்றத்திற்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் குளோஸ்டர் சிறையில் இருந்தபோது வெளியே அவருடைய சிறு மகள் மேட்லின் இறந்துபோனாள்.

இத்தகையவர் வெளிவந்து சமயத்தின்மீது ஓயாது வசைமாரி பொழிந்திருப்பாரென்றே எதிர்பார்ப்போம். அவ்வாறில்லை. 1851-இல் 'செக்யுலரிசம்' என்னும் சொல்லை உருவாக்கி வழங்கச் செய்தார். மறுமையைப் பற்றி உண்டு என்றும் இல்லை என்றும் வாதாடுவதை விடுத்து, இவ்வுலக வாழ்வில் மனிதன் மனிதனுக்குச் செய்யவேண்டிய கடமையை மனித அறிவின் துணைகொண்டே வகுத்துக்கொள்வது என அதற்குப் பொருள் சொன்னார். நாத்திகமும் இதுவும் ஒன்றல்ல என்பது அவரது உறுதியான கொள்கை. இவ்விஷயத்தில் சார்லஸ் பிராட்லாவுடன் 1870-இல் பொதுமேடையில் வாதிட்டும் இருக்கிறார். கூட்டுறவு இயக்கத்திற்கும் அவர் செய்த தொண்டு பெரிது. 1844-இல் ராச்டேல் நகரில் சிறு கடை வைத்த முன்னோடிகளின் வரலாற்றை உலகறிய எழுதியவர் அவரே. மாதந்தோறும் சம்பளத்தில் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் பிடித்தம் கொடுப்பவர்கள் அவரை அறிந்திருப்பது நலம்.

நாம் கேட்ட நூல் முதுமையில் அவர் எழுதியது. 'இங்கிலீஷ் செக்யுலரிசம்' என்ற பெயரில் 1896-இல் சிகாகோவில் வெளிவந்தது. மெட்ரிகுலேஷன் ஆங்கிலத்தைக் கொண்டு அதைப் பின்தொடர்வது எளிதன்று. அகராதியும் கையுமாகவே இருந்தோம். நூலின் இறுதியில், சமயச் சடங்கை விரும்பாதோர் திருமணத்தின்போதும், குழந்தைக்குப் பெயரிடும்போதும், இறந்தோரை அடக்கம் செய்யும்போதும் சொல்லத்தக்க மொழிகளைத் தந்திருக்கிறார். மேட்லின் கதையை அறிந்தபின் அப்பகுதியைக் கேட்டபோது, பதிவை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் வெளியே நின்றோம்.

இப்போது ஒரு உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். தெய்வ நம்பிக்கையின் துணையின்றியே ஒழுக்கம் நிற்கக்கூடும் என்று வாதிடும் பகுதி அந்நூலில் உண்டு. அங்கே ஓரிடத்தில், 'இல்லை' எனப் பொருள்படும் சிறு சொல்லொன்று படித்தவர் வாயிலிருந்து நழுவிவிட்டது. அந்தச் சொல் போனதும் வாக்கியம் தலைகீழாகி, நாம் சிறு வயது முதல் நம்பிவருவதையே ஆசிரியர் சொன்னதாக ஆகிவிட்டது! கேட்டதும் உள்ளூர மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன். இது சிறு தடுமாற்றந்தானே, விட்டுவிடலாமே என்று மனம் வழக்காடியது. கடல்கடந்து எங்கோ இருந்து படித்த அந்த அம்மையாருக்கும் தெரியாது; இனிக் கேட்கப்போகிறவருக்கும் தெரியாது. அன்றிரவு குறிப்பை எழுதாமலே படுத்துவிட்டோம்.

மறுநாள் அலுவலகத்தில், ரசீதில் பதினொன்று என்றிருக்க, பத்து மூட்டைகளே வந்திருந்த ஒரு சரக்கை நெடுநேரம் தேடினோம். எதிர்ப்பட்ட வண்டிகளையெல்லாம் விசாரித்துப் பதினோராவதைக் கண்டெடுத்தபோது மாலை ஆகிவிட்டது. அதில் இருந்தது பழைய துணி. வீடு திரும்பியதும் முதல் வேலையாக, 11-ஆவது நிமிடம் 42-ஆவது விநாடி என்று குறித்து அனுப்பினோம். மூன்றாம் நாள் திருத்திய பதிவு, நன்றியோடு வந்தது. அந்த அம்மையார் எச்சமயத்தவர் என்பது நமக்குத் தெரியாது. அவரும் நம்மைக் கேட்கவில்லை.

இதனால் ஏற்பட்ட துணிவில் நாமே ஓர் அத்தியாயம் படிக்க முன்வந்தோம். நமக்கு இதில் அச்சம் உண்டு. முன்பு ஓர் அலுவலகத்தில் நமது ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் நகைத்ததிலிருந்து, பத்துப் பேர் நடுவே ஆங்கிலம் பேச நா எழுவதில்லை. புதிதாகப் படிக்க வருவோர் ஒரு நிமிடச் சோதனைப் பதிவு அனுப்பவேண்டும் என்பது விதி. அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஒலி சற்றுக் குறைவு, பின்னணியில் விசிறி ஓசை கேட்கிறது என்று பதில் வந்தது. உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை! எந்நாட்டு உச்சரிப்பாயினும் ஏற்பதே அவர்கள் வழக்கம் என்பது பின்னரே தெரிந்தது.

விசிறியை நிறுத்திவிடலாம், ஊரை நிறுத்த முடியுமா? விடியற்காலையில் பள்ளிவாசலில் பாங்கு. அதையடுத்து விகாரையில் வந்தனை. நமது கோயிலில் ஒலிபெருக்கி. ஞாயிறு என்றால் தேவாலயத்தில் பாட்டு. சமயச் சார்பற்ற நூலைப் பதிவு செய்ய எல்லாச் சமயங்களும் ஒருங்கே ஓயும் நேரத்தைத் தேடி அலைந்தோம். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் அகப்பட்டது. அப்போதும் சரக்கு வண்டிகள் ஓய்வதில்லை. அவற்றின் மீது குறைகூற நமக்கு உரிமையுமில்லை.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சில மாலைகளில் சொல்லி முடித்தோம். அவர் கேட்டது ஒன்றே: "இதெல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி. நமக்கென்ன?" 1880-களிலேயே சென்னையில் 'லௌகிக சங்கம்' என ஒன்று அமைத்து, 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் ஏட்டை நடத்தியவர்கள் இருந்தனர் என்றோம். செக்யுலர் என்பதற்கு அவர்கள் கண்ட சொல் லௌகிகம். இன்று மதச்சார்பின்மை என்கிறோம். நமது அரசியல் சட்டத்தின் முகப்புரையில் அச்சொல் ஏறியது 1976-இல். அரசு எம்மதத்தையும் சாராதிருப்பதே இங்கு நாம் பெரிதும் குறிப்பது. ஹோலியோக் குறித்ததோ தனிமனிதனின் வாழ்க்கை நெறி. இரண்டையும் ஒன்றெனக் குழப்பலாகாது. பெரியவர், "லௌகிகம் என்றால் கெட்ட வார்த்தை இல்லையே, என் தகப்பனாரே கணக்கெழுதும் நேரத்தில் லௌகிகம் பேசுவார்" என்று சொல்லி எழுந்து போனார்.

பத்து நாள் கழித்து அவரே வந்தார். கண்ணில் புரை வளர்ந்திருப்பதால் தமிழ்ப் புத்தகம் படித்து இரண்டாண்டு ஆயிற்றாம். தமிழில் ஏதேனும் படித்து வைத்தால் கேட்கலாமே என்றார். உரிமைக்காலம் பற்றிய சிக்கல் இல்லாத நூல் வேண்டுமாகையால், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரத்தை' எடுத்துக்கொண்டோம். அது 1879-இல் வெளிவந்தது. கிறிஸ்தவராயிருந்தும் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' பாடிய முன்சீப் அவர் என்று சொன்னதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்போது ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு, இரவில் நாம் பதிந்ததை அவர் வீட்டில் போட்டுக் கேட்கிறோம். இந்திப் பள்ளியில் பயின்று, தமிழைப் பேச மட்டுமே அறிந்திருந்த அவருடைய பேத்தி, நமது சங்கத்து வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டு, மூலத்தின்மீது விரலை வைத்துத் தொடர்ந்து வருகிறாள். சென்ற வாரம் நடுவே கையை உயர்த்தி, "மாமா, இங்கே ஒரு வரி விட்டுப்போயிற்று" என்றாள். விட்டுத்தான் போயிருந்தது. நிமிடத்தையும் விநாடியையும் அவளே தமிழில் எழுதிக் கொடுத்தாள். அன்றிரவு இரண்டு மணிக்கு எழுந்து அவ்வரியைத் திரும்பப் படித்தோம்.