எலிக்குக் கொடுத்த மருந்தா என் பேரனுக்கு?

கெமாஸ் பக்கத்துத் தோட்டப் பள்ளியொன்றில் வேலை பார்ப்பவன் நான். என் வகுப்பில் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குக் குடலிறக்கம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். லீவு எழுதிக் கொடுக்க அவனுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். ஒரு காலத்தில் நானூறு பால்மரம் வெட்டிய கை அது. அன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"வாத்தியாரே, எம் மகன் ஒரு விசயம் சொன்னான். இந்த மயக்க மருந்தையெல்லாம் மொதல்ல எலிக்குத்தான் குடுத்துப் பாப்பாங்களாமே! எலிக்குக் குடுத்த மருந்தையா எம் பேரனுக்குக் குடுக்கப் போறாங்க?"

"அதனால்தான் பாட்டி உங்கள் பேரனுக்குக் கொடுக்க முடிகிறது" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அரைகுறையாகத்தான் விளங்கியிருந்தது. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அந்தப் பாட்டியின் கேள்வி நம் லயங்களில் பலருடைய மனத்திலும் இருக்கும் கேள்விதானே!

தூங்க வைத்தார்கள், எழுப்ப முடியவில்லை

1846 அக்டோபர் 16-ஆம் நாள் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒரு நோயாளியைத் தூங்க வைத்தார். வலியில்லாமல் கத்தி வைக்க முடியும் என்று உலகம் அன்று கண்டது. மறு ஆண்டு நவம்பரில் எடின்பரோ நகர மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். ஈதரைவிட இனிய வாசனை. விரைவில் மயக்கமும் வரும். எல்லாரும் அதன் பக்கம் திரும்பினார்கள்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டு, சில நிமிடங்களில் இறந்துபோனாள். போயும் போயும் ஒரு நகத்துக்காக ஓர் உயிர்!

மருந்து எதை நிறுத்தியது? மூச்சையா, இருதயத்தையா? மருத்துவர்கள் பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நம் இந்தியாவிலேயே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் 1888-இலும் 1889-இலும் இரண்டு குளோரோஃபார்ம் குழுக்களை அமைத்தார். இரண்டாவது குழுவுக்கு நிஜாம் மகபூப் அலி கான் 1,000 பவுன் கொடுத்தார். லண்டனிலிருந்து 'லான்செட்' மருத்துவ இதழின் சார்பில் லாடர் பிரன்டன் கப்பலேறி வந்தார். நூற்றுக்கணக்கான நாய்களையும் குரங்குகளையும் மயக்கிப் பார்த்தார்கள். மூச்சுத்தான் முதலில் நிற்கிறது, ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்று தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்பு பாதிதான் சரி. 1911-இல் குட்மன் லெவி என்பவர் பூனைகளை வைத்து ஆராய்ந்து, மயக்கம் அரைகுறையாக இருக்கும்போது குளோரோஃபார்ம் இருதயத்தையே தாறுமாறாகத் துடிக்க வைத்து நிறுத்திவிடும் என்று காட்டினார்.

ஆனாலும் மயக்குபவர் நோயாளியின் மூச்சிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது என்ற ஹைதராபாத் பாடம் வீண்போகவில்லை. லாரியிடம் படித்த ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பெண்மணி உலகின் முதல் பெண் மயக்க மருத்துவராகக் கருதப்படுகிறார். நமக்கெல்லாம் பெருமைதான்!

நம் உடம்புக்குள் ஒரு கெமாஸ் சந்திப்பு

மேசையில் இறந்தவர்கள் ஒரு கணக்கு. வீட்டுக்குப் போய் இறந்தவர்கள் வேறு கணக்கு. 1894-இல் லண்டன் மருத்துவர் லியனார்ட் கத்ரி ஒரு செய்தியை வெளியிட்டார். குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட சில குழந்தைகள் நன்றாக விழித்தெழுந்து, பிறகு வாந்தியும் பிதற்றலுமாகச் சில நாட்களில் இறந்தார்கள். அறுத்துப் பார்த்தபோது ஈரல் முழுவதும் கொழுப்பு.

மூச்சில் ஏறிய மருந்துக்கு ஈரலில் என்ன வேலை? நம் கெமாஸ் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கே கோலாலம்பூர் போகும் பாதை, தெற்கே ஜொகூர் போகும் பாதை, தும்பாட் வரை போகும் கிழக்குக்கரைப் பாதை எல்லாம் இங்கே கூடுகின்றன. உடம்பில் ஈரலும் அப்படி ஒரு சந்திப்பு. வயிற்றில் போனதும் இரத்தத்தில் கலந்ததும் அங்கே வந்துதான் தீரும். வந்த சரக்கை உடைத்து, கழிவாக்கி, வெளியே அனுப்புவது ஈரலின் வேலை. சில சரக்கு உடைக்கும்போதுதான் விஷமாகிறது. குளோரோஃபார்ம் அந்த ரகம். ஈரல் அதை உடைக்கும்போது ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு பிறக்கிறது.

அந்த நச்சை உடனே அமுக்கிவிட ஈரல் ஒரு காவல்காரனையும் வைத்திருக்கிறது. அதன் பெயர் குளூட்டாதயோன். காவல்காரன் போதுமான அளவில் இருக்கும்வரை பயமில்லை. பட்டினியில் அவன் குறைந்துபோகிறான். தொடர்ந்து குடிப்பவர்களுக்கோ இரட்டை நஷ்டம். நச்சை உண்டாக்கும் வேலை கூடுகிறது, காவல் குறைகிறது.

அமெரிக்காவின் ஜார்ஜ் விப்பிளும் அவர் கூட்டாளிகளும் இதை நாய்களில் படிப்படியாகக் கண்டார்கள். பட்டினி கிடந்த நாயின் ஈரலைக் குளோரோஃபார்ம் கடுமையாகத் தாக்கியது. மாவுச்சத்து உண்ட நாய் தாங்கிக்கொண்டது. இது 1919-இல் வந்த செய்தி. புரதம் குறைந்த நாய்களுக்கு மெத்தியோனின், சிஸ்டின் என்ற இரண்டு புரதக் கூறுகளை முன்கூட்டியே கொடுத்தால் ஈரல் தப்புகிறது என்று 1940-இல் காட்டினார்கள். காவல்காரனைச் செய்ய வேண்டிய மூலப்பொருள் அந்தக் கூறுகளில்தான் இருக்கிறது.

கடைசி வீட்டுக் குழாய்

1956-இல் ஹாலோத்தேன் என்ற புதிய மயக்க மருந்து இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. தீப்பிடிக்காது, நோயாளிக்கும் சுகம். ஆனால் சில நாள் கழித்து மஞ்சள் காமாலை கண்டு சிலர் இறந்தார்கள். அமெரிக்காவில் 34 மருத்துவமனைகளில் எட்டரை லட்சம் மயக்கங்களைக் கணக்கெடுத்தார்கள். ஈரல் பெருமளவு அழிந்தவர்கள் 82 பேர். அவர்கள் எல்லாரும் ஹாலோத்தேன் பெற்றவர்களும் அல்லர். இவ்வளவு அரிதாக வருவதை மனிதரிடம் எப்படி ஆராய்வது?

இங்கேதான் வெள்ளெலி வருகிறது. 1979-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு முதலில் வேறொரு மருந்தைக் கொடுத்து, ஈரலின் உடைக்கும் வேலையை முடுக்கிவிட்டார்கள். பிறகு ஹாலோத்தேன் கொடுத்து, பிராணவாயுவை 14 விழுக்காடாகக் குறைத்தார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 விழுக்காடு. மறுநாள் ஈரலைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், ஈரலின் சின்னஞ்சிறு பகுதி ஒவ்வொன்றிலும் நடுவில் இருந்த செல்கள் செத்திருந்தன.

அதென்ன நடுவில் மட்டும்? நம் பழைய லயங்களில் ஒரே குழாயிலிருந்து வரிசையாகத் தண்ணீர் வரும். முதல் வீட்டுக்காரர் பானை நிரம்பும். கடைசி வீட்டில் சொட்டும். ஈரலிலும் இரத்தம் ஓரத்தில் நுழைந்து நடுவில் வெளியேறுகிறது. நடுவில் இருப்பவை கடைசி வீட்டுக்காரர்கள். பிராணவாயு குறைந்தால் முதலில் அடிபடுவது அவைதான். மருந்தை உடைக்கும் வேலையும் அங்கேதான் அதிகம்.

மனிதருக்கு வரும் கடுமையான வகையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிறது என்றும் பின்னர் தெரிந்தது. ஒருமுறை ஹாலோத்தேன் பெற்றவருக்கு மறுமுறை ஆபத்து அதிகம். ஈரலில் உடைபடாத மருந்துதான் நல்லது என்ற முடிவு பிறந்தது. ஹாலோத்தேனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உடம்பில் உடைகிறது. பின்னர் வந்த ஐசோஃப்ளுரேனில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான். இன்று பல நாடுகளில் ஹாலோத்தேன் மறைந்துவிட்டது.

பாட்டியின் பேரனுக்கு எலி செய்த உதவி இதுதான்.

அம்மோனியா ஊற்றும் நேரம்

கித்தா காட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாலில் அமிலம் ஊற்றினால் உறையும். உறையாமல் இருக்க முன்கூட்டியே அம்மோனியா சேர்ப்பார்கள். உறைந்த பிறகு அம்மோனியாவைக் குடம் குடமாக ஊற்றினாலும் பால் திரும்புமா?

ஈரலைக் காக்கும் மருந்துகளும் அப்படித்தான். நம் வீட்டில் எப்போதும் இருக்கும் பானடோல், அதாவது பாராசிட்டமால், அளவோடு நல்ல மருந்து. அளவு மீறினால் ஈரலைக் கொல்லும். 1973-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சுண்டெலிகளில் அதன் காரணத்தைக் கண்டார்கள். குளூட்டாதயோன் தீர்ந்த பிறகுதான் ஈரல் செல்கள் சாகின்றன. அந்தக் காவல்காரனை மீண்டும் உண்டாக்கும் அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்தை எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றி, பலனை 1977-இல் வெளியிட்டார். அளவு மீறி விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். நேரம் போகப் போகப் பலன் குறையும். முதல் நாள் ஆள் நன்றாகவே நடமாடுவார்; அதை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்!

பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரையை 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் போடக்கூடாது. சம்சு குடிப்பவரும் உடம்பு மெலிந்தவரும் இன்னும் குறைவாக, மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். சளி மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கீழாநெல்லியின் கதை

"எங்க ஈரலுக்குக் கீழாநெல்லி இருக்கே!" என்றார் பாட்டி. மலாய்க்காரர்கள் டுக்கோங் அனாக் என்று சொல்லும் அதே செடிதான். பால்மரத்தின் அடியிலும் வாசலிலும் முளைத்துக் கிடக்கும்.

விஞ்ஞானிகள் இதை ஒதுக்கவில்லை. குளோரோஃபார்முக்குக் கூடப்பிறந்ததுபோன்ற கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சை வைத்து எலி ஈரலில் சோதித்தார்கள். கீழாநெல்லியில் உள்ள ஃபில்லாந்தின் என்ற பொருள் எலியின் ஈரல் செல்களைக் காத்ததாக 1985-இல் செய்தி வந்தது. 1988-இல் சென்னையில் தியாகராஜனும் அவர் குழுவினரும் மனிதரிடமே சோதித்தார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி உண்ட 59 விழுக்காட்டினரிடம் அதன் அடையாளம் மறைந்தது. போலி மருந்து உண்டவர்களில் 4 விழுக்காடுதான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எலியைக் காத்தது மனிதரைக் காக்கும் என்று சொல்லிவிட முடியாது. மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிதான் உறுதியான காவல்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. செம்பனைக் காட்டு எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். அதற்கு ஆஸ்பத்திரி மருந்து உடனே வேண்டும். மஞ்சள் கண்டதும் கீழாநெல்லியை மட்டும் அரைத்துக் கொடுத்து நாள் கடத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

எலி சொல்லித்தராத பாடம்

குறித்த நாளன்று பேரனுக்குச் சிகிச்சை நடக்கவில்லை. பச்சைப் பிள்ளை பசி தாங்குமா என்று பாட்டி விடியற்காலையில் ரொட்டியும் பால் தேத்தண்ணியும் கொடுத்திருந்தார். மயக்க மருத்துவர் கேட்டபோது மறைக்காமல் சொன்னார். சிகிச்சை இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று. "ஒரு நாள் சம்பளம் போச்சு" என்று மகன் கோபித்துக்கொண்டான்.

நான் அவனிடம் சொன்னேன்: "தம்பி, உன் அம்மா பொய் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" எலிக்கு வாந்தி எடுக்கவே தெரியாது. நமக்கு வரும். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால், வயிற்றின் அமிலம் அதைப் புண்ணாக்கிவிடும். 1946-இல் நியூயார்க் மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் 44,016 பிரசவங்களை ஆராய்ந்து, 66 தாய்மார்களுக்கு இப்படி நேர்ந்ததைக் கண்டார். அமிலம் செய்யும் கேட்டை முயல்களில் சோதித்தும் காட்டினார்.

பட்டினி ஈரலுக்குக் கெடுதல் என்று முன்னே சொன்னேனே, இது முரணில்லையா? இல்லை. அது நாள்கணக்கான பட்டினி. இது சில மணி நேரம். பொதுவாகத் திட உணவையும் பால் கலந்த பானத்தையும் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். பச்சைத் தண்ணீருக்கு அதைவிடக் குறைந்த நேரம். ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சொன்ன நேரத்தையே பின்பற்றுங்கள்.

மயக்க மருத்துவர் கேட்கும் கேள்விகள் விசாரணை அல்ல. முன்பு மயக்கம் கொடுத்தபின் காய்ச்சலோ காமாலையோ வந்ததா? குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தில் ஆபத்து நேர்ந்ததா? ஆஸ்துமா உண்டா? சம்சு, பீர் எவ்வளவு? என்ன மாத்திரை, என்ன நாட்டு மருந்து? வெட்கப்படாமல் அத்தனையும் சொல்லுங்கள். நாய், பூனை, எலி, முயல் என்று எத்தனையோ வாயில்லா ஜீவன்கள் தந்த பாடங்களை வைத்துத்தான் அந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள். அந்த ஜீவன்களுக்குப் பேச முடியவில்லை. நமக்கு வாய் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பையன் பள்ளித் திடலில் பந்து விளையாடுகிறான். அன்றொரு நாள் பாட்டி வேலியோரம் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அந்த எலிங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும் வாத்தியாரே" என்றார்.