கவரைப்பேட்டையில் காத்தவர் பாலசோரில் எங்கே இருந்தார்?

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே அமைந்த ஊர் கவரைப்பேட்டை. 2024 அக்டோபர் 11 ஆயுத பூசை நாள். அன்றிரவு எட்டரை மணியளவில், மைசூரிலிருந்து தர்பங்கா நோக்கிச் சென்ற பாக்மதி விரைவு வண்டி இந்நிலையத்தை நெருங்கிற்று. நேர்ப்பாதையில் செல்லலாம் என்று பச்சை விளக்கு எரிந்தது. ஆயினும், வண்டி 'லூப் லைன்' எனப்படும் கிளைப்பாதையில் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதியது. பெட்டிகள் பல தடம் புரண்டன, தீயும் பற்றியது. வண்டியில் இருந்தோர் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர். ஏறத்தாழ இருபது பேர் காயமுற்றனர். ஆனால் உயிரிழந்தவர் ஒருவருமில்லை.

"ஆண்டவர் காப்பாற்றினார்" என்று நாம் அனைவரும் சொன்னோம். அப்படிச் சொன்னதில் பிழையில்லை. நன்றி கூறாத நெஞ்சம் விசுவாச நெஞ்சமாகாது. ஆயினும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்வி மறைந்து நிற்கிறது. அதைக் கண்டும் காணாததுபோல் கடந்து போவது நேர்மையன்று.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஜூன் 2-ஆம் நாள், ஒடிசா மாநிலத்தின் பாலசோர் மாவட்டத்தில், பாகாநாகா பஜார் நிலையத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கும் பச்சை விளக்கே எரிந்தது. அதுவும் கிளைப்பாதையில் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில்தான் மோதியது. அங்கே இறந்தவர்களோ 290 பேருக்கும் மேல். கவரைப்பேட்டையில் காத்த கடவுள் பாலசோரில் எங்கே இருந்தார்? அங்கே மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் இப்படிக் கேட்டால், நாம் என்ன மறுமொழி கூறுவோம்?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருநாளாகிய ஞாயிறன்று, ஆழிப்பேரலை வேளாங்கண்ணியைத் தாக்கியது. பேராலயத்தினுள் கடல்நீர் புகவில்லை என்று பலரும் வியந்து பேசினர். ஆனால் ஆலயத்துக்குச் சற்றுத் தொலைவில், கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அவர்களும் அன்னையை நாடி வந்த பிள்ளைகள்தாமே!

பாவத்தின் பலனா?

இத்தகைய வேளைகளில் சிலர், "அவரவர் செய்த பாவம்" என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். ஆண்டவர் இயேசுவே இதனை மறுத்துவிட்டார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தி லூக்காஸ் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வருகிறது. மாண்டவர்கள் யெருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்பதை ஆண்டவர் தெளிவாக்குகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மனமாற்றத்தையே அவர் வற்புறுத்துகிறார். பிறவிக் குருடனைக் கண்டபோதும், அவனது பாவமோ பெற்றோரின் பாவமோ அதற்குக் காரணமில்லை என்றார். ஆதலின், பிழைத்தவன் புண்ணியவான், இறந்தவன் பாவி என்னும் கணக்கு கிறிஸ்தவக் கணக்கன்று.

எழுதி வைத்தாரா?

வேறு சிலர், "கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும், அவர் எழுதியபடிதான் நடக்கும்" என்கின்றனர். தெரிந்திருப்பது வேறு; நடத்துவித்தல் வேறு. ஏறத்தாழ 524-ஆம் ஆண்டில் கொலைத் தண்டனைக்கு உள்ளான போயத்தியுஸ் என்னும் அறிஞர், சிறையில் இருந்தபடியே இதைச் சிந்தித்தார். கடவுளுக்கு நேற்று, இன்று, நாளை என்பது இல்லை. காலம் முழுவதும் அவர் முன் ஒருங்கே நிற்கிறது என்று அவர் விளக்கினார்.

ஓடும் வண்டியில் சன்னலோரம் அமர்ந்திருப்பவன் ஒவ்வொரு நிலையமாகக் காண்கிறான். குன்றின்மேல் நிற்பவனோ, இஞ்சின் முதல் கடைசிப் பெட்டிவரை ஒரே பார்வையில் காண்கிறான். ஆனால் அவன் பார்ப்பதனால் வண்டி ஓடுவதில்லை. இறைவனின் முன்னறிவு நம் சுதந்தரத்தைப் பறிப்பதில்லை என்பதை விளக்க, இந்த உவமை ஓரளவு உதவும்.

ஓரளவுதான். ஏனெனில், குன்றின்மேல் நிற்பவன் வெறும் பார்வையாளன். இறைவனோ எல்லாம் வல்லவர். அவர் ஏன் தடுக்கவில்லை? இறையருளும் மனிதச் சுதந்தரமும் எவ்வாறு இணைகின்றன என்பது பற்றி, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் வாதம் எழுந்தது. இயேசு சபையைச் சேர்ந்த மோலினா 1588-இல் லிஸ்பனில் நூலொன்று வெளியிட்டார். சாமிநாதர் சபையைச் சேர்ந்த பானெஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். திருத்தந்தை எட்டாம் கிளமெந்து வழக்கை விசாரிக்கச் செய்தார். இறுதியில், 1607-இல், திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பர் எந்தத் தரப்பையும் கண்டிக்கவில்லை. ஒருவரையொருவர் பழிக்கலாகாது என்று மட்டும் பணித்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆராய்ந்தபின் திருச்சபை காட்டிய அந்தத் தாழ்மை, துக்க வீட்டு வாசலில் நின்று எல்லாம் அறிந்தவர்போல் பேசும் நமக்கு நல்ல பாடம்.

கைகளின் வழியே

தீமையிலிருந்தும் நன்மையைப் பிறப்பிக்க வல்லவராதலாலேயே கடவுள் தீமையை அனுமதிக்கிறார் என்று புனித அகுஸ்தீனார் போதித்தார். ஆழ்ந்த உண்மைதான். ஆனால், "இன்ன நன்மைக்காகவே உன் மகன் இறந்தான்" என்று கூறும் உரிமையை அது எவருக்கும் தரவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரருகே தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாயிருந்தனர். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவர்கள் தவறினர். இறுதியில் இறைவனின் கண்டனத்துக்கும் ஆளாயினர்.

இறைவன் தம் பராமரிப்பைப் பெரும்பாலும் படைப்புகளின் வழியே நடத்துகிறார் என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் தரும் விளக்கம். பாலசோரில், சைகைக் கம்பிகளின் இணைப்பு வேலையில் நேர்ந்த தவறே விபத்துக்குக் காரணம் என விசாரணையில் தெரிந்தது. கவரைப்பேட்டையில், தண்டவாளம் பிரியுமிடத்தின் மரைகளும் ஆணிகளும் கழற்றப்பட்டனவா என்பதே பெருங்கேள்வியாயிற்று. மனிதன் கவனமின்றியோ கெட்ட எண்ணத்தோடோ செய்ததை இறைவனின் திருவுளம் என்று சொல்லி மூடிவிடுவது பக்தியாகாது. அது பொறுப்பிலிருந்து தப்பித்தலாகும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இயந்திரங்களின் முன் நிற்கும் நம் சகோதரர்கள் இதை நன்கறிவர். ஒரு மரையைச் சரியாக முடுக்குவதும் பிறரன்புப் பணியே.

அன்றிரவு விபத்துக்குள்ளான பயணிகள் அருகிலிருந்த திருமண மண்டபங்களில் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவும் தண்ணீரும் வழங்கப்பட்டன. மொழி தெரியாத பீகார்த் தொழிலாளிக்கு ஒரு சோற்றுப் பொட்டலம் நீட்டப்பட்டபோது, அந்தக் கையில் தேவ பராமரிப்பை நாம் காண்கிறோம். பாலசோரில் காயமுற்றோருக்கு இரத்தம் கொடுக்க இரவெல்லாம் வரிசையில் நின்ற இளைஞரின் கைகளிலும் அதையே காண்கிறோம்.

ஆகவே, காக்கப்பட்ட வேளையில் மனமார நன்றி கூறுவோம். ஆனால் காக்கப்படாதவரைக் கடவுள் கைவிட்டார் என்று எண்ணாதிருப்போம். தம் மகன் சிலுவையில் மடிவதைக் கண்ட வியாகுல அன்னைக்கு விளக்கம் கூற அன்று எவரும் முன்வரவில்லை. அருளப்பர் அவள் அருகில் நின்றார். பின்னர் அவளைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். "கடவுள் எங்கே இருந்தார்?" என்று கண்ணீரோடு கேட்கும் தாய்க்கு நாம் கொடுக்கத்தக்க முதல் மறுமொழியும் அதுவே.