குங்குமச் சிமிழில் தொடங்குங்கள்

வீட்டில் சின்ன லேத் ஒன்று வாங்கி வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆசை கிண்ணம். ஆசை நியாயமானதுதான். ஆனாலும் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் பம்பரம், அடுத்து குங்குமச் சிமிழ். ஏன் இந்த வரிசை என்பதை டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். சிமிழுக்குத்தான் இன்னொரு டம்ளர் தேவைப்படும்.

மரத்தை ஈர்க்குச்சிகள் இறுக்கிக் கட்டிய துடைப்பமாக நினைத்துக்கொள்ளுங்கள். நார்கள் வேரிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் ஓடுகின்றன. கட்டையை லேத்தில் மாட்டும்போது அந்த நார் சுழலும் அச்சோடு ஓடுகிறதா, அச்சுக்குக் குறுக்கே கிடக்கிறதா என்று பாருங்கள். பம்பரம், மத்து, சப்பாத்திக் குழவி, கட்டில் கால், சிமிழ் எல்லாம் நார் அச்சோடு ஓடும் வகை. கிண்ணமும் தட்டும் பெரும்பாலும் குறுக்கு வகை. குறுக்கு வகையில் கட்டை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உளி இரண்டு முறை நாரின் முனையையும் இரண்டு முறை நாரின் பக்கவாட்டையும் சந்திக்கும். பழகாத கைக்கு அந்த மாற்றம் பிடிபடுவதற்குள் உளி கட்டையில் ‘கடித்து’விடும்.

நார் அச்சோடு ஓடும் கட்டைக்கு ஒரே விதிதான். வெளிப்புறத்தில் எப்போதும் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்துக்கு, அதாவது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வெட்ட வேண்டும். அப்போது வெட்டுப்படும் ஒவ்வொரு நாரையும் அதற்கு அடியில் உள்ள நீளமான நார் தாங்கிக்கொள்ளும். சீவல் சுருள் சுருளாக வரும். எதிர்த்திசையில் ஏறினால் தாங்க ஆளில்லாத நார் பிய்ந்துகொண்டு எழும்பும். பம்பரத்தின் வயிற்றிலிருந்து ஆணி முனை வரை இறங்கும் சரிவு முழுக்க இந்த ஒரு பாடம்தான். கொய்யாக் கிளை கிடைத்தால் விடாதீர்கள். நெருக்கமான நார், நல்ல கெட்டி.

உளி பிடிப்பதில் அவசரம் ஆகவே ஆகாது. முதலில் உளி தாங்கியின் மேல் படிய வேண்டும், பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். தொடும்போதும் கூர்முனை முந்தக் கூடாது. சாணை பிடித்த சரிவுப் பரப்பு கட்டையின் மேல் சும்மா உரசட்டும். அந்த நிலையில் ஒன்றும் வெட்டுப்படாது. பின்னால் கைப்பிடியை நூலளவு தூக்குங்கள். முனை மரத்தைக் கண்டுபிடிக்கும், மெல்லிய சீவல் ஒன்று எழும். அந்த நூலளவை உணரத் தெரிந்துவிட்டால் கடைசலில் பாதி தெரிந்த மாதிரி. உரசும் பரப்பு மரத்தை விட்டு விலகியதும் உளிக்குத் தாங்கல் போய்விடுகிறது; விபத்துகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் வர வேண்டும். 2 அங்குலக் கட்டைக்கு 3,000 சுற்று சரி. 8 அங்குலக் கட்டையை அதே வேகத்தில் ஓட்டுவது ஆபத்து. சதுரக் கட்டையை உருட்டாக்கும்வரை இன்னும் குறைத்தே ஓட்டுங்கள். முகத்துக்கு முழு மறைப்பு, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். தோளில் துண்டு, தொங்கும் சங்கிலி, மோதிரம், தொளதொளத்த கை வைத்த சட்டை எதுவும் லேத்தின் பக்கமே வரக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

மரத்துக்குப் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். பச்சை மரம் 1 அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஓராண்டு எடுக்கும் என்பது தச்சர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இடித்த வீட்டின் சட்டமோ தலைமுறைக் கணக்கில் காய்ந்தது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கே பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைத்தான் தேடுகிறார்கள். ஆணி ஒளிந்திருக்கும், பார்த்து எடுக்க வேண்டும். சிமிழுக்கு என் விருப்பம் பூவரசு. அதன் கருஞ்சிவப்பு வைரம் கடைந்ததும் தானாகவே மினுங்கும். ஹவாய் தீவுகளில் இதே மரத்தை ‘மீலோ’ என்று அழைத்துக் காலங்காலமாகக் கிண்ணம் செய்துவந்தார்கள்.

இனி சிமிழ். 5 செ.மீ. சதுரமும் 12 செ.மீ. நீளமும் உள்ள கட்டை போதும். இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டி உருட்டாக்குங்கள். சக் பிடிப்பதற்கு இரு தலையிலும் சிறிய பிடி விடுங்கள். மூன்றில் ஒரு பங்கை மூடிக்கென்று பார்ட்டிங் டூலால் பிரித்தெடுங்கள். அந்த டூல் மெல்லியதாக இருக்கட்டும். வெட்டில் எவ்வளவு மரம் போகிறதோ அந்த அளவுக்கு, மூடியில் தொடங்கும் ரேகை அடிப்பாகத்தில் பொருந்தாமல் போகும்.

முதலில் மூடியைக் குடையுங்கள். இங்கே உளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போக வேண்டும். விதி மாறிவிட்டதோ என்று தோன்றும், மாறவில்லை. குழிக்குள் நீளமான நார் வெளிப்பக்கம் நிற்பதால், தாங்கும் நாரை நோக்கி வெட்டுவது என்ற அதே விதிதான். வாயின் உட்சுவர் முதல் 6 மி.மீ. ஆழத்துக்குச் சாய்வில்லாமல் நேராக இருக்க வேண்டும்.

அடுத்து அடிப்பாகத்தின் கழுத்து. அதைக் கொஞ்சம் கூம்பலாகவே கடைந்துவிட்டு, சுழலும் கழுத்தின் மேல் மூடியை லேசாக வைத்து எடுங்கள். மூடி உரசிய இடத்தில் பளபளப்பான வளையம் ஒன்று விழும். உங்களுக்கு வேண்டிய விட்டம் அந்த வளையத்தில் இருக்கிறது. மிச்சத்தை அதுவரை இறக்கினால் போதும். மூடியை இறுக்கமாகச் செருகி, இரண்டையும் ஒரே உடலாக வைத்து வெளி உருவத்தைக் கடையுங்கள். அதன்பின் அடிப்பாகத்தைக் குடைந்து, கழுத்தை மெல்லிய உப்புத்தாளால் தளர்த்துங்கள். திறக்கும்போது ‘டுப்’ என்று காற்று வாங்கும் மூடி கடைந்தவருக்குப் பெருமையாக இருக்கும். பூஜை அறையில் ஒரு கையால் திறப்பவருக்கு அது தொந்தரவு. நான் தளர்ந்த மூடியின் பக்கம்.

மூடி காட்டும் இன்னொரு குணம் உண்டு. காயும்போது மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வட்டமாகக் கடைந்தது நாளடைவில் முட்டை வடிவத்துக்குச் சாயும். ரேகை பொருந்தும் நிலையில் மூடி உட்காரும், திருப்பினால் சிக்கும். காய்ந்த மரமும் குடைந்தபின் உள்ளிருந்த இழுவிசை விடுபட்டுக் கொஞ்சம் அசையும். ஆகவே மூடியையும் அடியையும் தோராயமாகக் குடைந்து சில வாரங்கள் நிழலில் போட்டுவிட்டு, பிறகு கழுத்தைப் பொருத்துங்கள்.

மெருகுக்கு அரக்கைவிட நல்லது இதற்கு இல்லை. சன்னபட்டணத்துப் பொம்மைகளும் அம்பாசமுத்திரத்துச் சொப்புகளும் அரக்கில்தான் பளபளக்கின்றன. வெட்பாலை மரத்தில் கடையும் சன்னபட்டணத்துக்காரர்கள் நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். தாழை ஓலையை மடித்து அழுத்தினால் அது சீராகப் பரவி மினுங்கும். வீட்டில் அது கைவராவிட்டால் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியில் தொட்டுத் தேய்க்கலாம். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். தேய்த்த துணியை விரித்துக் காயவிடுங்கள். உள்பக்கமும் ஒரு கை தேயுங்கள், குங்குமம் நாரில் இறங்காது.

நான்கைந்து சிமிழ் கடைந்த கை கிண்ணத்துக்குத் தயார். ஆனால் இதுவரை கட்டையை உருட்டாக்கிய பெரிய வளைவு உளியைக் கிண்ணக் கட்டையில் வைக்கவே கூடாது. கைப்பிடிக்குள் இறங்கும் இடத்தில் அதன் உருக்கு ஒடுங்கியிருக்கும். குறுக்கு நார் கடித்து இழுத்தால் அங்கேயே முறியும். கிண்ணத்துக்கென்றே முழு உருண்டைக் கம்பியில் குடைந்து செய்த உளி உண்டு. அதை வாங்கிய பிறகு தொடங்குங்கள்.