“புரிந்ததா?” என்று கேட்டால் போதுமா?

வகுப்பறையில் ஆசிரியர் “புரிந்ததா?” என வினவுகிறார். புரியவில்லை என்று கூற அஞ்சும் பிள்ளையும் மற்றவர்களோடு சேர்ந்து தலையசைக்கிறது. இவ்விடையைக் கொண்டு ஆசிரியர் எதனையும் அறிய இயலாது.

தத்துவஞானி விட்கன்ஸ்டைன் 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ஒரு சொல்லின் பொருள் பெரும்பாலும் அது வழங்கும் முறையிலேயே உள்ளது என்பது, 1953இல் வெளிவந்த அவரது நூலின் முக்கியக் கருத்தாகும்.

சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புகளுக்கு இக்கருத்து நன்கு பொருந்தும். கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அணை எழுப்பி, 1975இல் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. அதனை நேரில் கண்ட சிறுவனுக்கும் ‘நீர்த்தேக்கம்’ என்னும் எழுத்துத் தமிழ்ச் சொல் புதிதாக இருக்கலாம். அதற்கு வேறொரு கடினச் சொல்லைப் பொருளாகக் கூறுவதால் பயனில்லை. “மழைத் தண்ணிய அங்க தேக்கி வைக்கிறாங்க” எனப் பேச்சுத் தமிழில் விளக்கிய பின், அச்சொல்லை அமைத்து அவனையே ஒரு வாக்கியம் கூறச் செய்தல் வேண்டும். வாக்கியம் பிழைபட்டால், எங்கே விளக்கம் தேவை என்பதை அப்பிழையே காட்டிவிடும்.

சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவும் 2005இல் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடமளிக்கப் பரிந்துரைத்தது. பெற்றோரும் இல்லத்தில் இம்முறையைக் கையாளலாம். “புரிந்ததா?” என்று கேட்பதை விடுத்து, “எங்கே, நீ சொல், கேட்போம்” என்று கூறிப் பாருங்கள்.