வன்முறைக் கணினி விளையாட்டுகளும் இளைஞர் நடத்தையும்

மாணவர்களே, வன்முறை நிறைந்த கணினி விளையாட்டுகள் இளைஞரை மூர்க்கராக்குகின்றனவா? விடையளிக்குமுன் பின்வரும் இரண்டையும் வேறுபடுத்தி அறிந்துகொள்ளுங்கள்.

• ஆக்ரோஷம்: கத்துதல், ஏசுதல், தள்ளுதல் போன்றவை.
• வன்முறை: பிறருக்குக் கடுங்காயம் விளைவித்தல்.

இவ்விளையாட்டுகளுக்கும் ஆக்ரோஷத்திற்கும் இடையே சிறியதொரு தொடர்பு உண்டு. ஆனால் வன்முறைக்கு இவையே காரணம் எனக் கூறப் போதிய சான்று இல்லை என அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் தெரிவித்தது. 2019 இல் வெளியான ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று, பிரித்தானியாவில் 14, 15 வயதுடைய சுமார் 1000 பேரை ஆராய்ந்தது. அவர்களது நடத்தை பற்றிப் பெற்றோர், பாதுகாவலரிடம் கேட்டறியப்பட்டது. அதில் ஆக்ரோஷத்துடன்கூடத் தொடர்பு காணப்படவில்லை.

தொடர்பு இருப்பினும் அது காரணமாகிவிடாது. இயல்பிலேயே முன்கோபமுள்ளவர் இத்தகைய விளையாட்டுகளை விரும்பித் தெரிவுசெய்யவும் கூடும் அல்லவா?

மாணவன் ஒருவன் பிறரைத் தாக்கியதும் விளையாட்டின்மீது மட்டும் பழி சுமத்தினால், அவன் வீட்டில் வாங்கும் அடியும் வகுப்பில் படும் அவமானமும் எவர் கண்ணிலும் படாமற் போகும். எனவே “ஆம்”, “இல்லை” என ஒரு சொல்லில் விடையை முடிக்காதீர்கள். எந்த நடத்தை, எத்தகைய சான்று என்பவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.