மைலேஜுக்காக ஏர் ஸ்க்ரூவைத் திருகலாமா? பழைய பைக் வைத்திருப்போர் கவனத்துக்கு

'அண்ணே, மைலேஜ் வர்ற மாதிரி டியூன் பண்ணுங்க': புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பழைய பைக்கை மெக்கானிக் கடையில் விடுபவர் வழக்கமாகச் சொல்வது இது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் புதிய பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. கார்புரேட்டர் வண்டிக்குத்தான் இந்தத் திருகல் வேலை.

1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று கூடினால் லீன், பெட்ரோல் கூடினால் ரிச். பிளக்கைக் கழற்றினால் தெரிந்துவிடும்: கரி படிந்திருந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன், இளம்பழுப்பு என்றால் சரி.

இன்ஜின் சூடானதும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஐட்லிங் சீராகவும் வேகமாகவும் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். இந்த ஸ்க்ரூ ஐட்லிங்கையும் லேசான ஆக்சிலரேட்டரையும் மட்டுமே பார்த்துக்கொள்ளும். ரோட்டில் ஓடும்போது பெட்ரோலை அளப்பது நீடிலும் மெயின் ஜெட்டும். இதைத் திருகி மைலேஜை அள்ளிவிடலாம் என்பதெல்லாம் சும்மா.

இப்போது பங்கில் கிடைப்பது 20% வரை எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே காற்று விடும். கலவை தானாகவே லீன் பக்கம் சாயும். அதற்கு மேலும் லீன் ஆக்கினால் இன்ஜின் சூடாகும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சிக்னலில் நிற்கும்போது வண்டி ஆஃப் ஆனால், ஸ்க்ரூவைச் சற்று ரிச் பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம்.